நவீன நடனத்தைச் சேர்ந்து உருவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இசை, ஒளி, ஆடை என்று எது தாமதமானாலும் அந்தச் சுமை கடைசியில் ஆடுபவரின் உடம்பில்தான் இறங்குகிறது. கூட்டுப்படைப்பில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு இதை மறப்பதே காரணம்.

மிகவும் கெடுதல் செய்வது தற்காலிக இசை. புது இசை வரும்வரை கையில் கிடைத்த ட்ராக்கைப் போட்டு ஒத்திகை பார்ப்பார்கள். மூன்று வாரத்தில், மூச்சு விடும் இடம்கூட அதோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு வரும் இசை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்நியமாகவே கேட்கும். அதுவரை தாளத்தை மட்டும் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவி போதும்.

"வேகத்தைக் கொஞ்சம்தான் கூட்டினேன்" என்று இசையமைப்பாளர் சொல்வதும் சின்ன விஷயமல்ல. தாள வேகம் நிமிடத்துக்கு 120 தட்டிலிருந்து 126க்குப் போனால் 8 நிமிடப் பகுதியில் சுமார் 23 நொடி போய்விடும். அடியை வேகமாக வைக்கலாம். ஆனால் குதித்தவர் தரைக்கு வரும் நேரம் புவியீர்ப்பின் கையில் இருக்கிறது. தாளத்தைப் பிடிக்க அவர் குதிக்கும் உயரத்தைத்தான் குறைக்க வேண்டியிருக்கும்.

அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் இசையையும் நடனத்தையும் தனித்தனியே உருவாக்கினார்களே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் மொத்தக் கால அளவை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்கள். தனித்தனியே வேலை செய்வதானால் இப்படி ஓர் உடன்பாடு கட்டாயம் வேண்டும்.

ஆடையைக் கடைசி ஒத்திகைக்குக் கொண்டுவருவது ஆபத்து. வழவழப்பான சாட்டின் துணி இடுப்பில் இருந்தால், தூக்குபவரின் விரல்கள் வியர்வையோடு விலா எலும்புவரை வழுக்கிப் போகும். அதே துணியில் தைத்த மாதிரியை இரண்டு வாரம் முன்பே போட்டு, தூக்கும் இடங்களையும் முட்டியால் சறுக்கும் இடங்களையும் ஆடிப் பாருங்கள்.

ஒளியமைப்பாளர் வீடியோவை மட்டும் பார்த்துத் திட்டமிட வேண்டாம். கேமரா வெளிச்சத்தைத் தானே சரிசெய்துகொள்ளும், ஆழமும் தெரியாது. இரண்டு முழு ஒத்திகையாவது நேரில் பார்க்கட்டும். பக்கவாட்டு விளக்குக் கம்பங்கள் நிற்கும் இடத்தை முதல் வாரமே ஒத்திகைத் தரையில் டேப் ஒட்டிக் காட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஓடி வெளியேறுபவர் இருட்டில் கம்பத்தில் மோதுவார்.

இசையை வேறு மேடைகளில் பயன்படுத்தலாமா, பதிவு யாருக்குச் சொந்தம் என்பதை வேலை தொடங்கும் முன் எழுதி வையுங்கள். அசைவுகளை ஆடுபவர்களே கண்டுபிடித்துத் தந்திருந்தால், நிகழ்ச்சித் தாளில் நடன அமைப்பு என்ற வரியிலேயே அவர்கள் பெயரும் வர வேண்டும்.