வீட்டிலேயே வெற்றிலைக் கொடி

மதுரை வெயிலுக்கு வெற்றிலை வராது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பக்கத்துச் சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. அங்கே அகத்தியை வளர்த்து, அதன் நிழலில்தான் கொடியை ஏற்றுகிறார்கள். வீட்டிலும் காலை வெயில் மட்டும் படுகிற சுவரோரம் போதும்.

கடை வெற்றிலையின் காம்பை நட்டுப் பயனில்லை, கணு வேண்டும். மூன்று நான்கு கணு உள்ள கொடித்துண்டாக வாங்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். செம்மண், மக்கிய சாணம், கொஞ்சம் மணல், அவ்வளவுதான். ஈரம் காயக்கூடாது, அதற்காகத் தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள், வேர் அழுகிவிடும். உப்பான போர் தண்ணீர் என்றால், பிடித்து வைத்த மழைத்தண்ணீர் கலந்து ஊற்றலாம்.

படர விட பிளாஸ்டிக் குழாய் சரிப்படாது. ஒவ்வொரு கணுவிலும் பொடிப்பொடியாக வேர் விடும். அது பற்றிக்கொள்ளச் சொரசொரப்பு வேண்டும். கட்டையில் தேங்காய் நாரைச் சுற்றி, கொடியை வாழை நாரால் தளர்வாகக் கட்டுங்கள்.

அப்புறம், கொடி கைக்கெட்டாத உயரம் போனால் வெட்ட வேண்டாம். மெதுவாக இறக்கி, இலை பறித்த அடிப்பகுதியைச் சுருட்டி மண்ணில் புதையுங்கள். புது வேர் விட்டு மறுபடி ஏறும்.