காண்ட் கேட்டது உலக அரசு அல்ல: இறையாண்மை விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனிதர் எல்லாரும் ஒரே உலகின் குடிமக்கள் என்னும் 'உலகக் குடிமை' என்றதும், நாடுகளெல்லாம் கரைந்து ஒரே அரசாகும் கனவு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சிந்தனைக்குச் சட்ட வடிவம் தந்த ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் 1795இல் தன் நூலில் எழுதியது வேறு. நாடுகள் தனித்தனியாகவே இருந்து, போரைத் தடுக்கக் கூட்டமைப்பாகச் சேரட்டும் என்றார். எல்லாவற்றையும் விழுங்கும் ஒற்றைப் பேரரசு கொடுங்கோன்மையாகிவிடும் என்று அஞ்சினார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலே இறையாண்மை, அதாவது ஒரு நாடு தன்னைத் தானே ஆளும் உச்ச அதிகாரம், போச்சு என்பது அடுத்த தவறு. 1921இல் போலந்துக்குப் போர்த் தளவாடம் ஏற்றிச் சென்ற 'விம்பிள்டன்' கப்பலைக் கீல் கால்வாயில் ஜெர்மனி மறித்தது. முதல் உலகப் போரை முடித்த வெர்சாய் ஒப்பந்தப்படி, ஜெர்மனியிலுள்ள அந்தக் கால்வாய் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் திறந்திருக்க வேண்டும். போலந்துக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலான போரில் நடுநிலை காப்பது எங்கள் உரிமை என்று ஜெர்மனி வாதாடியது. 1923இல் ஹேக்கில் இருந்த நிரந்தர சர்வதேச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒப்பந்தம் செய்துகொள்ளும் அதிகாரமே இறையாண்மையின் ஒரு கூறு என்றது. மைனர் எழுதிக் கொடுத்த பத்திரம் செல்லாது, மேஜர் எழுதினால்தான் செல்லும் என்பதைப் போலத்தான்.

இன்று ஹேக்கில் உள்ள இரு நீதிமன்றங்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சர்வதேச நீதிமன்றத்தில் வழக்காடுபவை நாடுகள். 2002 முதல் உள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தனிமனிதர்களை விசாரிக்கிறது, அதுவும் உரிய நாடு உண்மையாக விசாரிக்காதபோது மட்டுமே.

என்னை மிகவும் வருத்தும் தவறு இன்னொன்று. காண்டின் 'விருந்தோம்பல்' என்ற சொல்லைக் கேட்டதும் இலை போட்டுப் பரிமாறும் பெருந்தன்மையே நம் நினைவுக்கு வருகிறது. இது கருணையைப் பற்றியது அல்ல, உரிமையைப் பற்றியது என்று அவரே எழுதியிருக்கிறார். ஒரு நாடு தன் மண்ணில் கால்வைத்த அந்நியரைப் பகைவராக நடத்தக் கூடாது. திருப்பி அனுப்பினால் அழிந்துபோவார் என்றால் அனுப்பக் கூடாது. அவ்வளவுதான், குடியேறும் உரிமையை அவர் தரவில்லை. அந்த வரம்புக்கும் காரணம் உண்டு: வணிகம் என்று சொல்லி வந்து, படை இறக்கி, இந்தியாவை ஒடுக்கிய ஐரோப்பியரை நூலின் அதே பகுதியில் அவர் கண்டிக்கிறார்.

உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என்கிறது 1951 அகதிகள் ஒப்பந்தத்தின் 33ஆம் பிரிவு. இந்தியா அதில் சேரவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கில்லை. 1983 முதல் இலங்கையிலிருந்து வந்து தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்வோருக்குக் கிடைக்கும் உதவித்தொகையும் வீடும் அவ்வப்போதைய அரசுகளின் முடிவால் வருபவை. அதை நாம் பெருமையோடு விருந்தோம்பல் என்கிறோம். காண்ட் அந்தச் சொல்லால் குறித்தது, அரசு மனம் மாறினாலும் பறிக்க முடியாத ஒன்றை.