கறுப்பினப் பெண்ணிய வரலாற்றை எழுதுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கறுப்பினப் பெண்ணியம் 1960களின் அமெரிக்காவில் பிறந்தது என்று தொடங்குவதே பிற பிழைகளுக்கெல்லாம் தாய்ப்பிழை. 1900ஆம் ஆண்டு லண்டனில் டிரினிடாட் வழக்கறிஞர் ஹென்றி சில்வெஸ்டர் வில்லியம்ஸ் கூட்டிய, உலகெங்குமுள்ள ஆப்பிரிக்க வம்சாவளியினரை ஒன்றிணைக்க முனைந்த பான் ஆப்பிரிக்க மாநாட்டிலேயே அமெரிக்கக் கறுப்பினக் கல்வியாளர் அன்னா ஜூலியா கூப்பர் உரையாற்றியிருக்கிறார். 1927இல் நியூயார்க்கில் கூடிய நான்காம் பான் ஆப்பிரிக்கப் பேராயத்தைப் பெருமளவில் திரட்டி நடத்தியவர்களும் பெண்களே.

அடுத்தது, இரண்டு ஏமிகளை ஒருவராக்கிவிடுவது. நானும் ஒருமுறை அப்படி எழுதி, அச்சான பிறகே கவனித்தேன். ஜமைக்காவின் கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வியின் முதல் மனைவி ஏமி ஆஷ்வுட், 1914இல் கிங்ஸ்டனில் அவரது கறுப்பின முன்னேற்ற இயக்கத்தை அவருடன் சேர்ந்து தொடங்கியவர். இரண்டாம் மனைவி ஏமி ஜாக்ஸ், அவ்வியக்கத்தின் ‘நீக்ரோ வேர்ல்ட்’ வார இதழில் 1924 முதல் பெண்கள் பக்கத்தை நடத்தியவர். ‘கார்வியின் மனைவி’ என்று மட்டும் எழுதுவதால்தான் இக்குழப்பமே வருகிறது. 1945 அக்டோபரில் மான்செஸ்டரில் கூடிய ஐந்தாம் பான் ஆப்பிரிக்கப் பேராயத்தைப் பற்றி எழுதுவோர், பின்னாளில் கானாவுக்கும் கென்யாவுக்கும் தலைவர்களான நிக்ருமாவையும் கென்யாட்டாவையும் மறப்பதில்லை. பிரிட்டனின் நிறவெறி குறித்த முதல் அமர்வுக்குத் தலைமை வகித்தவர் ஏமி ஆஷ்வுட் என்பதும், கறுப்பினத்தவரைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டும் கறுப்பினப் பெண்ணைப் பற்றிப் பேச்சே குறைவு என்று அவர் அங்கேயே குறைப்பட்டுக்கொண்டார் என்பதும் விடுபட்டுப்போகின்றன.

கிளாடியா ஜோன்ஸ் லண்டனின் நாட்டிங் ஹில் தெருத் திருவிழாவைத் தொடங்கினார் என்பதும் திருத்த வேண்டிய கூற்று. டிரினிடாட்டில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த இந்தக் கம்யூனிஸ்ட், கறுப்பினப் பெண் ஒருத்தி தொழிலாளியாகவும் கறுப்பினத்தவராகவும் பெண்ணாகவும் ஒருசேரச் சுரண்டப்படுவதை 1949லேயே விளக்கி எழுதியவர். சிறைவாசத்துக்குப் பின் 1955இல் பிரிட்டனுக்கு நாடு கடத்தப்பட்டார். 1958இல் நாட்டிங் ஹில்லில் கரீபியர்கள் தாக்கப்பட்டதை அடுத்து, 1959 ஜனவரிக் குளிரில் செயின்ட் பாங்க்ராஸ் நகர மண்டபத்துக்குள் அவர் கரீபியக் கார்னிவல் நடத்தினார். மலர் விற்பனை வசூலில் ஒரு பகுதி அக்கலவரத்தில் சிக்கிய இளைஞர்களின் அபராதத்தைக் கட்ட உதவும் என்று விழா மலரில் அச்சிட்டிருந்தார்கள். தெருவில் விழா வந்தபோது அவர் உயிரோடு இல்லை; 1964 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார்.

கடைசியாக, அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணியக் குழு ஒன்றின் பெயரில் வரும் கோம்பாஹி என்பது ஆள்பெயரன்று. 1863இல், தானே அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த ஹாரியட் டப்மன் வழிகாட்டிய படை எழுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை மீட்ட தென் கரோலினா ஆற்றின் பெயர் அது. 1970களில் பாஸ்டன் நகரப் பெண்கள் சிலர் அதைத் தம் குழுவுக்குச் சூட்டினர். அவர்களது 1977 அறிக்கையில் வரும் ‘அடையாள அரசியல்’ என்ற தொடரைத் தனித்து ஒதுங்குவதற்கான அழைப்பாக வாசிப்பவர்கள், கறுப்பின ஆண்களோடு சேர்ந்தே இனவெறியை எதிர்க்கிறோம் என்றும், முதலாளித்துவமும் ஏகாதிபத்தியமும் ஒழியாமல் ஒடுக்கப்பட்டோருக்கு விடுதலை இல்லை என்றும் அதே அறிக்கை கூறுவதைப் படிக்காமல் விட்டிருக்க வேண்டும்.