வன்னியிலிருந்து இணையத்தில்: கண்காணிப்பைக் குறைத்துக்கொள்ளும் வழிகள்

இணையத்தில் தம்மை யாரும் பின்தொடராமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்பவர்களில் பெரும்பாலானோர் முதலில் விசாரிப்பது, நமது இணைய இணைப்பை வேறொரு சேவையின் ஊடாகத் திருப்பிக் கொண்டுசெல்லும் செயலியான வி.பி.என். பற்றித்தான். 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்முறையின்போதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னரும், 2022 ஏப்ரலில் ஆர்ப்பாட்டங்கள் பெருகியபோதும் இலங்கை அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. அப்போதெல்லாம் பலர் வி.பி.என். துணையோடுதான் அவற்றின் உள்ளே நுழைந்தார்கள். ஆனால் தடையைத் தாண்டுவது வேறு, தடயத்தைக் குறைப்பது வேறு. கணக்கின் சாவி யாரிடம் இருக்கிறது, அடையாள அட்டை எங்கெங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது, கைத்தொலைபேசி தானாக எதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பவற்றைப் பார்த்து முடித்த பின்னரே வி.பி.என். பற்றி யோசிக்கவேண்டும் என்பது என் கருத்து. இந்த வழிகாட்டியும் அந்த ஒழுங்கிலேயே செல்கிறது.

கணக்கின் சாவி

வன்னியில் பலருக்கு முதலாவது ஜிமெயில் கணக்கைத் திறந்து கொடுத்தவர் தொலைபேசி விற்ற கடைக்காரராகவோ கொமினிகேஷனில் (தொலைபேசி, பிரதியெடுப்பு வேலைகள் செய்யும் கடையில்) நின்ற தம்பியாகவோ இருப்பார். கடவுச்சொல் அந்தக் கடையின் கொப்பியில் எழுதப்பட்டிருக்கும். மீட்பு இலக்கமாகக் கடையின் இலக்கமே கொடுக்கப்பட்டிருக்கும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் அந்தக் கொப்பியை வேறொருவர் புரட்டினாலும், அதிகாரத்தோடு வந்து யாராவது அதைக் கேட்டாலும், உங்கள் மின்னஞ்சல், படங்கள், தொடர்பு இலக்கங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் திறந்துவிடும்.

ஆகவே கூகுள் கணக்கின் 'செக்யூரிட்டி' பகுதிக்குச் சென்று, மீட்புத் தொலைபேசி இலக்கமும் மீட்பு மின்னஞ்சலும் யாருடையவை என்று பாருங்கள். உங்களுடையவை அல்லாவிட்டால் உடனே மாற்றுங்கள். அதே பகுதியில் உங்கள் கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்ற பட்டியலும் இருக்கும். நீங்கள் அறியாத கருவி அதில் இருந்தால் வெளியேற்றிவிட்டுக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்தாறு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால், நீளமானதும் நினைவில் நிற்பதுமான கடவுச்சொல் கிடைக்கும். குறளடியோ, பிள்ளையின் பெயரோ, இடம்பெயர்வதற்கு முன்னர் இருந்த ஊரின் பெயரோ வேண்டாம்; உங்களை அறிந்தவர் முதலில் முயல்வது அவற்றைத்தான்.

அடுத்ததாக, கடவுச்சொல்லுக்குப் பின் இன்னோர் இலக்கத்தையும் கேட்கும் இரு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். குறுஞ்செய்தியில் வரும் இலக்கம் தொலைபேசி நிறுவனத்தின் வழியாக வருகிறது. உங்கள் சிம்மின் மாற்றுப் பிரதியை இன்னொருவர் பெற்றுவிட்டால் அது அவருக்கே போய்ச் சேரும். எனவே கூகுள் ஒதென்டிகேட்டர் போன்ற, தொலைபேசிக்குள்ளேயே இலக்கத்தை உருவாக்கும் செயலி மேலானது. தொலைபேசி தொலைந்தால் பயன்படுத்துவதற்காகக் கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் கோப்பிலேயே வையுங்கள். ஆவணங்களைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு ஓடிப் பழகிய வீடுகளுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

வட்ஸ்அப்பிலும் இரண்டு இடங்களைப் பார்க்கவேண்டும். 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்பதில் ஆறு இலக்க இரகசிய எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். 'லிங்க்ட் டிவைசஸ்' என்பதைத் திறந்து, வேறொரு கணினியில் உங்கள் செய்திகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கடையொன்றில் ஏதோ அச்செடுப்பதற்காக இணைத்த கணினி, நீங்கள் துண்டிக்கும் வரையில் உங்கள் உரையாடல்களைப் பெற்றுக்கொண்டே இருக்கக்கூடும்.

அடையாள அட்டை

தேசிய அடையாள அட்டை இலக்கத்தை நாம் மிக இலகுவாகக் கொடுத்துவிடுகிறோம். பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டுகின்றன. பெண்களாயின் அந்த நாளுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 532 என்று இருந்தால் அது பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த ஒரு பெண்ணுடைய அட்டை. புதிய 12 இலக்க அட்டையிலும் முறை இதுவே. ஆண்டு மட்டும் நான்கு இலக்கமாகியிருக்கிறது. எனவே அட்டை இலக்கத்தைக் கொடுப்பவர் பிறந்த திகதியையும் பாலையும் சேர்த்தே கொடுக்கிறார். பிறந்த திகதியைக் கடவுச்சொல்லிலோ வங்கி அட்டையின் இரகசிய எண்ணிலோ பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

பிரதேச செயலகத்துக்கோ வங்கிக்கோ கொடுக்கவேண்டிய பிரதியை எடுப்பதற்காக, அட்டையின் படத்தைக் கொமினிகேஷனின் வட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தப் படம் கடையின் தொலைபேசியிலும் கணினியிலும் தங்கிவிடுகிறது. கூடுமானவரை அட்டையை நேரில் கொண்டுபோய்ப் பிரதி எடுங்கள். அனுப்பித்தான் ஆகவேண்டுமென்றால், ஒருமுறை மட்டும் பார்க்கக்கூடிய வகையில் அனுப்பினால் அச்செடுக்க முடியாது என்பதால், வேலை முடிந்ததும் 'எல்லோருக்கும் நீக்கு' என்பதை அழுத்துவதோடு, கணினியில் இறக்கிய பிரதியையும் அழிக்கும்படி அங்கே நின்றே கேளுங்கள். பிரதியின் குறுக்கே இன்ன தேவைக்கு, இன்ன திகதியில் கொடுக்கப்பட்டது என்று பேனாவால் எழுதிவிடுவதும் நல்லது. உதவி பெற்றுத் தருவதாகச் சொல்லி வீடு தேடி வந்து காணொளி எடுப்பவர்களின் கமராவுக்கு முன்னால், அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் ஒருபோதும் நீட்டாதீர்கள்.

தொலைபேசி தானாகச் சொல்வது

நிறுவனங்களின் கண்காணிப்பில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. அன்ட்ரொய்ட் தொலைபேசி ஒவ்வொன்றுக்கும் விளம்பர அடையாள எண் ஒன்று உண்டு. நீங்கள் பாவிக்கும் வெவ்வேறு செயலிகள் தத்தமக்குத் தெரிந்ததை அந்த ஓர் எண்ணோடு இணைத்து விற்கவும் வாங்கவும் முடிகிறது. அமைப்புகளில் 'பிரைவசி', பின்னர் 'அட்ஸ்' என்று சென்று அந்த எண்ணை நீக்கிவிடுங்கள். அன்ட்ரொய்ட் 12 முதலான பதிப்புகளில் இது முழுமையாக நீங்கிவிடும்.

இருப்பிடப் பதிவு சற்றுச் சிக்கலானது. அதை நிறுத்துவதற்குக் கூகுள் கணக்கில் ஒரு சுவிட்சை மட்டும் அணைத்தால் போதும் என்று நம்பியவர்களின் நகர்வுகள் இன்னொரு சுவிட்சின் வழியாகத் தொடர்ந்து பதிவாகின. இது தொடர்பாக அமெரிக்காவின் 40 மாநிலங்கள் தொடுத்த நடவடிக்கையை முடித்துக்கொள்ள, 2022 நவம்பரில் அந்நிறுவனம் 391.5 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டது. ஆகவே 'டைம்லைன்', 'வெப் அண்ட் அப் அக்டிவிட்டி' ஆகிய இரண்டையும் அணைக்கவேண்டும். ஏற்கெனவே சேர்ந்திருப்பதை அழித்துவிட்டு, இனிச் சேர்பவை 3 மாதத்தில் தானாக அழியும்படி வைத்துக்கொள்ளவும் வழியுண்டு. பேஸ்புக்கின் அமைப்புகளிலும், பிற இணையத்தளங்களும் செயலிகளும் உங்களைப் பற்றி அந்நிறுவனத்துக்கு அனுப்பியவற்றின் பட்டியல் இருக்கிறது. அதை ஒருமுறை திறந்து வாசித்தவர்கள், அதைத் துண்டிக்கும்படி வேறொருவர் சொல்லும்வரை காத்திருக்கமாட்டார்கள்.

பின்னர் ஒவ்வொரு செயலிக்கும் கொடுத்திருக்கும் அனுமதிகளைப் பாருங்கள். விளையாட்டுச் செயலிக்கு ஒலிவாங்கி எதற்கு, நாட்காட்டிச் செயலிக்கு இருப்பிடம் எதற்கு என்று கேட்டுப் பார்த்து நீக்கலாம். இவற்றுள் மிக ஆபத்தானவை உடனடிக் கடன் தரும் செயலிகள். நுண்கடனால் ஏற்கெனவே நொந்திருக்கும் குடும்பங்கள் வன்னியில் நிறைய உண்டு. இந்தச் செயலிகளோ கடனாளியின் தொடர்பு இலக்கங்கள் முழுவதையும் எடுத்துவைத்துக்கொண்டு, தவணை தவறியதும் உறவினருக்கும் அயலவருக்கும் அழைத்து அவமானப்படுத்தும் முறைக்குப் பெயர் பெற்றவை. தனிநபர் கடன் செயலிகள் தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் அணுகக் கூடாதென்று 2023இல் கூகுள் பிளே விதி கொண்டுவந்தது. ஆனால் வட்ஸ்அப் இணைப்பின் மூலம் நேரடியாக இறக்கப்படும் செயலியை அந்த விதி கட்டுப்படுத்தாது.

தொலைபேசியைத் திருத்தக் கொடுக்கும்போது கடைக்காரர் திரைப் பூட்டின் எண்ணைக் கேட்பார். திரையையோ பற்றரியையோ மாற்றுவதற்கு அது பெரும்பாலும் தேவையில்லை. அண்மைக்கால சாம்சுங் கலக்ஸி தொலைபேசிகளில் 'மெயின்டனன்ஸ் மோட்' என்ற வசதி உண்டு. அதை இயக்கிக் கொடுத்தால், திருத்துபவருக்கு வெறுமையான தொலைபேசிதான் தெரியும்.

செய்திகளும் குழுக்களும்

சாதாரண அழைப்பும் குறுஞ்செய்தியும் தொலைபேசி நிறுவனத்துக்குத் திறந்தவை. வட்ஸ்அப் உரையாடல்கள் 2016 முதல் முனைக்கு முனை மறைகுறியாக்கப்பட்டுள்ளன. உள்ளடக்கத்தை அந்நிறுவனமே வாசிக்க முடியாது. ஆனால் யார் யாரோடு, எப்போது, எந்த இணைய முகவரியிலிருந்து (ஐ.பி. எண்ணிலிருந்து) தொடர்புகொண்டார் என்பதை அது அறியக்கூடும். கூகுள் டிரைவில் சேமிக்கப்படும் காப்புப் பிரதிக்கும் தனியாக மறைகுறியாக்கத்தை இயக்கவேண்டும். அதைச் செய்யாதவரை, கதவைப் பூட்டிவிட்டு யன்னலைத் திறந்துவைத்த கதைதான்.

டெலிகிராம் இரகசியமானது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அதன் சாதாரண உரையாடல்களும் குழுக்களும் முனைக்கு முனை மறைகுறியாக்கப்பட்டவையல்ல; 'சீக்ரெட் சட்' மட்டுமே அவ்வாறானது. 2024இல், முறையான சட்டக் கோரிக்கை வந்தால் பயனாளரின் தொலைபேசி இலக்கத்தையும் இணைய முகவரியையும் கொடுப்பதாக அந்நிறுவனம் தன் கொள்கையை விரிவுபடுத்தியது. முக்கியமான விடயங்களுக்குச் சிக்னல் என்ற செயலியையே நான் பரிந்துரைப்பேன். 2016இல் அமெரிக்க நீதிமன்ற நடைமுறை ஒன்றின் மூலம் தகவல் கேட்கப்பட்டபோது, கணக்குத் திறந்த நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர அதனிடம் கொடுப்பதற்கு வேறெதுவும் இருக்கவில்லை. 2024 முதல், தொலைபேசி இலக்கத்தைக் காட்டாமல் பயனர் பெயரால் தொடர்புகொள்ளவும் அதில் முடியும்.

எந்தச் செயலியாயினும், நூறு பேர் இருக்கும் குழுவில் எழுதுவது சந்தையில் நின்று பேசுவதுதான். வட்ஸ்அப் குழுவில் உங்கள் இலக்கம் உறுப்பினர் எல்லோருக்கும் தெரியும்; அவர்களில் ஒருவரின் தொலைபேசி பிறர் கைக்குப் போனால் முழுக் குழுவும் போய்விடும். உங்களைக் குழுக்களில் சேர்க்கக்கூடியவர்களை உங்கள் தொடர்பிலுள்ளோர் என்று மட்டுப்படுத்துங்கள். செய்திகள் தானாக மறையும் காலத்தையும் 24 மணித்தியாலத்துக்கோ 7 நாளுக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

அரசின் பார்வை

காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். அவ்வாறான குடும்பங்களும் செயற்பாட்டாளர்களும் கண்காணிக்கப்படுவதை ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின் அறிக்கைகள் பல தடவைகள் குறிப்பிட்டிருக்கின்றன. சமூக ஊடகப் பதிவுகளுக்காக 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இளைஞர்கள் கைதானதும் உண்டு. 2024இல், இணையத்தில் வெளியிடப்படுபவற்றைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் அதனுடன் சேர்ந்துகொண்டது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ நிறைவேறிய பின்னரும் அதன் முக்கிய ஏற்பாடுகள் நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டது. அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்க உரிமை தனியாகச் சொல்லப்படவும் இல்லை. சட்டத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதால்தான் இவ்வளவும் எழுதவேண்டியிருக்கிறது.

சிம் அடையாள அட்டையோடு பதிவாகிறது; இயங்கும் தொலைபேசி எந்தக் கோபுரத்தோடு இணைந்திருக்கிறது என்பது நிறுவனத்துக்குத் தெரியும். சிம்மை மாற்றினாலும் தொலைபேசிக் கருவிக்கே உரிய அடையாளமான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் மாறுவதில்லை. மாங்குளத்துக்கோ ஒட்டுசுட்டானுக்கோ அப்பால் கோபுரங்கள் ஐதாக இருப்பதால் இருப்பிடம் துல்லியமாகத் தெரியாது என்று சிலர் ஆறுதலடைவர். ஆனால் அந்தக் கோபுரத்தின் கீழ் இருப்பவர்களும் குறைவு என்பதை அவர்கள் நினைப்பதில்லை. இருப்பிடம் தெரியக் கூடாத பயணமாயின் தொலைபேசியை வீட்டில் விட்டுச் செல்வதே உறுதியான வழி.

ஒன்றுகூடல்களின் படங்களை வெளியிடுமுன் மற்றவர்களின் முகங்களை மங்கலாக்குங்கள். சிக்னலில் அதற்கான கருவி உள்ளேயே இருக்கிறது. எடுத்த இடமும் நேரமும் படத்துக்குள் பதிந்திருக்கலாம். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அவை நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். சோதனை நடக்கக்கூடிய இடத்துக்குச் செல்லும்போது விரல் ரேகைத் திறப்பை நிறுத்தி, ஆறு இலக்கத்துக்குக் குறையாத எண்ணை வைத்து, தொலைபேசியை அணைத்துச் செல்லுங்கள். மீண்டும் எண்ணைப் போடும்வரை உள்ளிருப்பவை பூட்டப்பட்டே இருக்கும். விசாரணைக்கு அழைப்பு வந்த பின்னர் அவசரமாக எதையும் அழிக்க முற்படவேண்டாம். அதுவே தனிக் குற்றச்சாட்டாக மாறலாம். முதலில் சட்டத்தரணி ஒருவருடன் பேசுங்கள். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவை 1996 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

இனி வி.பி.என்.

நீங்கள் எந்தத் தளங்களுக்குச் செல்கிறீர்கள் என்பதை வி.பி.என். இணைய நிறுவனத்திடமிருந்து மறைத்து, தனக்குத் தெரியச் செய்கிறது. எனவே அதை நடத்துபவர் யார் என்பதுதான் கேள்வி. பாதுகாப்புத் தருவதாக விளம்பரப்படுத்தப்பட்ட ஒனாவோ என்ற இலவச வி.பி.என். பேஸ்புக்குக்குச் சொந்தமாயிருந்து, பயனாளர் வேறெந்தச் செயலிகளைப் பாவிக்கின்றனர் என்பதை அந்நிறுவனத்துக்கே சொல்லிவந்தது. 2019இல் அது மூடப்பட்டது. இலவசமாக வேண்டுமாயின் புரோட்டொன் வி.பி.என். ஏற்கத்தக்கது. கூகுள் கணக்கில் உள்நுழைந்தபடி வி.பி.என். இயக்கினால், நீங்கள் யார் என்பது கூகுளுக்கு மறையாது. வட்ஸ்அப்புக்கும் பேஸ்புக்குக்கும் மட்டுமான டேட்டா பக்கேஜ் போட்டிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: வி.பி.என். ஊடாகச் செல்வது எந்தச் செயலியின் டேட்டா என்று நிறுவனத்துக்குத் தெரியாததால், அது சாதாரணக் கணக்கிலிருந்து கழிந்துவிடும்.

கடைசியாக, பழைய சிம்கள். கோபுரத்தின் சிக்னல் கிடைப்பதற்காகவும் பக்கேஜுக்காகவும் ஒரு சிம்மிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருப்பவர்கள் கைவிட்ட இலக்கம், சில காலத்துக்குப் பின்னர் வேறொருவருக்கு விற்கப்படலாம். வங்கி, மின்னஞ்சல், பேஸ்புக், வட்ஸ்அப் ஆகிய எல்லாவற்றிலும் புதிய இலக்கத்தைப் பதிந்து, பழையதை நீக்கிய பின்னரே அந்தச் சிம்மைக் கழற்றுங்கள்.