விரிந்த பூவில் இதழமைவைத் தேடாதீர்கள்

தர்மபுரிப் பக்கம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் செய்முறைத் தேர்வுக்குப் பூ பறிக்கப் போனால், கைக்கு அகப்படுவது நன்றாக விரிந்த பூதான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. மொட்டுக்குள் இதழ் விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டோ தழுவியோ கிடக்கும் விதம்தான் இதழமைவு. பூ விரிந்ததும் அந்தத் தடயம் கலைந்துபோகும். மறுநாள் மலரவிருக்கும் மொட்டைப் புது பிளேடால் குறுக்கே அறுத்துப் பாருங்கள்.

"செம்பருத்தி, திருகு இதழமைவு" என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் பலர். அது அல்லிவட்டத்துக்கு, அதாவது நிறமுள்ள இதழ்களுக்கு மட்டும். அதற்கு வெளியே பச்சையாக இருக்கும் புல்லிவட்டம் தொடு இதழமைவு, விளிம்புகள் தழுவாமல் தொட்டு மட்டும் நிற்கும். அதற்கும் வெளியே நிற்கும் சிறு பச்சை இதழ்கள் புறப்புல்லிவட்டம். அவற்றைப் புல்லியோடு சேர்த்து எண்ண வேண்டாம். இதழ்கள் பலவாக இருக்கும் அடுக்குச் செம்பருத்தியைத் தொடவே வேண்டாம்.

முறுக்கின மாதிரி தெரிந்தால் உடனே திருகு என்று எழுதிவிடுவதும் பிழையே. ஐந்து இதழுக்குப் பத்து விளிம்பு; ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஐந்து இதழுக்கும் ஒரு விளிம்பு உள்ளே, ஒன்று வெளியே என்றால்தான் திருகு. ஓர் இதழ் முழுக்க வெளியே, ஓர் இதழ் முழுக்க உள்ளே, மற்ற மூன்றும் பாதிப் பாதி என்றால் தழுவு. இரண்டு வெளியே, இரண்டு உள்ளே, ஒன்று மட்டும் பாதி என்றால் குவின்கன்ஷியல். ஓசூர் ரோஜாவில் அல்லிகள் பலவாக அடுக்கியிருப்பதால் எண்ணி மாளாது. ஆனால் அதன் ஐந்து புல்லிகளைப் பாருங்கள், குவின்கன்ஷியலுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. சில ரகங்களில் வெளியே இருந்த விளிம்பில் மட்டும் சிறு கிளைகள் நீட்டியிருக்கும். பாதி வெளியே இருந்த அந்த ஒரு புல்லிக்கு ஒரு பக்கம் மட்டும்!

ராயக்கோட்டைச் சந்தைச் சாமந்தியைத் தனிப்பூ என்று அறுக்காதீர்கள், அது பல பூக்களின் கூட்டம்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது, தண்டுப் பக்கத்தைக் குறிக்காமல் மொட்டைக் கிள்ளிவிடுவதுதான். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் ஆவாரையில் தண்டை ஒட்டிய அல்லி எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும், அது ஏறுதழுவு. அவரையில் அதே இடத்தில் இருக்கும் பெரிய இதழான கொடியல்லி எல்லாவற்றுக்கும் வெளியே. பக்கத்து இரண்டு இதழ்களான சிறகல்லிகளை அது மூட, அவை உள்ளே இருக்கும் இரண்டு படகல்லிகளை மூடும். அது இறங்குதழுவு. கிள்ளிய பிறகு எது எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. பறிக்கும் முன்பே தண்டுப் பக்கம் ஒரு பேனாப் புள்ளி வைத்துவிடுங்கள்.

சங்குப்பூவில் மட்டும் அந்தப் புள்ளியை நம்பாதீர்கள். அங்கே பூவே தலைகீழாகத் திரும்பி நிற்பதால் கொடியல்லி கீழ்ப்பக்கம் இருக்கும். ஆனாலும் மொட்டில் அதுதான் எல்லாவற்றுக்கும் வெளியே. ஆகவே அதுவும் இறங்குதழுவே.