சின்னப் பிள்ளைகளுக்கு எண்களை எண்ணச் சொல்லித்தரும்போது நாம் செய்கிற தவறுகள்

புதிதாகச் சொல்லித்தர வருகிறவர்கள், நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். பிள்ளை எண்ணும்போது இடையில் 'ஏழு' என்பதை விட்டுவிடுவது, 'ஆறு' என்பதை இரண்டு முறை சொல்வது எல்லாம் தானே சரியாகிவிடும். அதை விடுங்கள்.

ஒப்பிப்பதை எண்ணுவது என்று நம்புவது

இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வருவது இதுதான். நாலு வயதுப் பையன் ஒருவன் ஐம்பது வரை மடமடவென்று சொல்வான், நானும் பூரித்துப்போய் நூறுக்குத் தாவிவிட்டேன். ஒருநாள் பொத்தான் கிண்ணத்தை நீட்டி "எனக்கு அஞ்சு கொடு" என்றேன். இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தான். எண்ணச் சொன்னால் ஒவ்வொன்றாகத் தொட்டு ஒன்பது வரை சரியாக எண்ணினான். "சரி, மொத்தம் எத்தனை?" என்றதும் மறுபடி ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தான்! கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை, அவனைப் பொறுத்தவரை அது ஒரு பாட்டு. கூட்டலுக்கு வந்தபோது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று, மாதக்கணக்கில் அவன் நேரம் வீணானது என்னால்தான்.

கேரன் வின் என்ற உளவியலாளர் 1990இல் இந்த "கொடு" கேள்வியை வைத்தே இதைக் காட்டினார். பிள்ளைகளுக்கு முதலில் ஒன்று என்றால் எத்தனை என்பது பிடிபடும், சில மாதம் கழித்து இரண்டு, அப்புறம் மூன்று. அதனால் முதலில் "இங்கே மூன்று பொத்தான் இருக்கு" என்று காட்டிவிட்டு, "ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று பொத்தான்" என்று எண்ணிக்காட்டுங்கள். கேட்டால் தவறாமல் நாலு எடுத்துக் கொடுக்கும்வரை இருபதுக்குப் போகவே போகாதீர்கள்.

விரல்விட்டு எண்ணுவதைத் தடுப்பது

தடுக்காதீர்கள்.

நீண்ட வரிசையை அதிகம் என்று சொன்னால் திட்டுவது

ஐந்தும் ஐந்துமாக இரண்டு வரிசை வைத்து ஒன்றை மட்டும் அகலப் பரப்பினால், "இதுதான் அதிகம்" என்று பிள்ளைகள் அதைக் காட்டுவார்கள். பிள்ளைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே கவனித்த பழைய விஷயம் இது, கண் நீளத்தைப் பார்த்து ஏமாறுகிறது. இதற்கு, மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர்க்கச் சொன்னால் போதும். ஆனால் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்காதீர்கள், முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று சரியான பதிலையும் மாற்றிவிடுவார்கள்.

"எதில் அதிகம்?" மட்டுமே கேட்பது

இப்படியே பழகிய பிள்ளையிடம் "எதில் குறைவு?" என்று கேட்டுப் பாருங்கள், பெரிய குவியலையே காட்டக்கூடும்.