காடு, நீர், காற்று படிக்க விரும்பும் முதல் தலைமுறை மாணவருக்கு: தேர்வு முடியும் முன்பே முடிக்க வேண்டியவை

ஏரியும் காடும் என்ன ஆகும் என்று கவலைப்படும் பிளஸ் டூ மாணவர்களுக்கு, அந்த அக்கறையைப் படிப்பாக மாற்றுவது எப்படி என்று சொல்ல வீட்டில் ஆள் இருப்பதில்லை. மதிப்பெண் இருந்தும் ஒரு சான்றிதழ் தாமதமாக வந்ததால் சலுகை கைநழுவிப் போவது மிகவும் வருத்தமானது. அதைத் தவிர்க்க முடியும். தமிழ்நாட்டு மாணவருக்கான வழி இது.

முதலில் படிப்பு. வனவியல்தான் வேண்டும் என்றால் மேட்டுப்பாளையத்தில் உள்ள வனக்கல்லூரி இருக்கிறது. அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி. நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பு. இதற்கு வேளாண் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தால் இது சேராது. அரசு கலைக் கல்லூரிகளில் தாவரவியல், விலங்கியல், வேதியியல், நிலவியல் போன்ற பாடங்களும் நல்ல அடித்தளம். பிறகு மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியிலோ, ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலோ காட்டுயிர் உயிரியலில் முதுநிலை படிக்கலாம். கழிவுநீர், காற்று மாசு பக்கம் போக நினைப்பவர் சிவில் அல்லது கெமிக்கல் பொறியியல் முடித்துவிட்டுச் சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.இ. சேரலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பட்டத்தின் பெயரில் 'சுற்றுச்சூழல்' இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். இந்திய வனப் பணித் தேர்வை (ஐ.எஃப்.எஸ்.) எழுத, கால்நடை மருத்துவம், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றில் ஒன்றாவது பட்டப்படிப்பில் பாடமாக இருக்க வேண்டும், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியலில் பட்டம் வேண்டும். புதுப் பெயரில் வரும் படிப்பில் சேரும் முன் அதன் பாடத்திட்டத்தை வாங்கி, இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று வருடம் கழித்துத் தெரிந்தால் திரும்ப வழியில்லை.

அடுத்து சான்றிதழ்கள். பொதுத்தேர்வு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். முடிவு வெளியான வாரத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம் நெருக்கும், வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) மேசையிலும் விண்ணப்பம் குவிந்து கிடக்கும். விண்ணப்பம் ஒன்றுக்குச் சேவைக் கட்டணம் 60 ரூபாய். முதலில் 'கேன்' எண் (இ-சேவையில் உங்கள் விவரம் பதிவாகும் அடையாள எண்) எடுக்க வேண்டும், அதற்கு ஓ.டி.பி. வரும். மையத்துக்காரர் தன் செல்போன் எண்ணைப் போட விடாதீர்கள். அடுத்தடுத்த சான்றிதழுக்கும் ஓ.டி.பி. அவருக்கே போகும், நீங்கள் ஒவ்வொரு முறையும் அவரைத் தேடி அலைய வேண்டும்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ்தான் அதிகம் சிக்கும். அப்பா வழி, அம்மா வழித் தாத்தா பாட்டி, பெற்றோர், அண்ணன் அக்கா என்று யாருமே பட்டதாரியாக இருக்கக் கூடாது. மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட்ட உறுதிமொழி, ரேஷன் கார்டு, குடும்பத்தில் படித்தவர்களின் டி.சி. ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். அக்கா பத்தாவதோடு நின்றவர் என்றால், வாயால் சொன்னால் ஏற்க மாட்டார்கள், அவருடைய டி.சி. நகலை வைத்தால் விசாரணை சீக்கிரம் முடியும். இந்தச் சான்றிதழால் கிடைக்கும் கல்விக் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்கல்வி இடம் பெறுபவருக்கு மட்டுமே. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது. பழங்குடியினர் சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள்.

பெயரைக் கவனியுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'மு. கவிதா' என்றும் ஆதாரில் 'கவிதா முருகன்' என்றும் இருந்தால், சான்றிதழ் எந்தப் பெயரில் வந்தாலும் மற்றதோடு ஒத்துப்போகாமல் சிக்கும். மதிப்பெண் பட்டியலை அடிப்படையாக வைத்து ஆதாரை முதலில் திருத்துங்கள், பிறகு மற்றவற்றுக்கு விண்ணப்பியுங்கள். வரிசையை மாற்றினால் எல்லாவற்றையும் இரண்டாம் முறை வாங்க வேண்டி வரும்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவருக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. 2021-இல் வந்த சட்டப்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இது பொருந்தும். அரசு உதவி பெறும் பள்ளியில் ஒரு வருடம் படித்திருந்தாலும் கிடைக்காது. இரண்டு மூன்று பள்ளி மாறியவர் ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் படித்ததற்கான சான்று வாங்கி வையுங்கள். இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் பெற்றால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஆகவே, இது கிடைக்கும் வீட்டில் கடன் வாங்கப் போகும் முன் இதை உறுதி செய்யுங்கள்.

பொறியியல் கட்-ஆஃப் கணக்கு எளிது. கணிதம் அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி. 82, 76, 88 என்றால் 82 + 38 + 44 = 164. கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலைக் கணினியில் உட்காரும் முன் நோட்டில் எழுதுங்கள்: கல்லூரி எண், பாடப்பிரிவு, வீட்டிலிருந்து தூரம். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் நிறைய இருப்பதால் எண்ணைத்தான் நம்ப வேண்டும். 'இது கிடைக்குமா' என்று யோசித்து வரிசையை மாற்றாதீர்கள். மிகவும் விரும்புவதை முதலில் வையுங்கள். மேலே உள்ளது கிடைக்காவிட்டால்தான் அடுத்ததுக்குப் போகும், அதனால் நட்டமில்லை. நட்டம் வருவது பத்தே பத்து கல்லூரியோடு நிறுத்தும்போது. ஒன்றும் ஒதுக்கப்படாமல் அந்தச் சுற்று போய்விடும். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் கொடுத்த நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும்.

கடைசியாக வங்கிக் கணக்கு. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பணம் வராமல் போவதற்கு முக்கியக் காரணம் ஒன்று: ஆதார் நகலை வங்கியில் கொடுத்தால் போதும் என்று நினைப்பது. அது அடையாளச் சரிபார்ப்பு மட்டும்தான். நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு ஆதாரைக் கணக்கோடு இணைக்கச் சொல்லித் தனியாகப் படிவம் எழுதிக் கொடுங்கள். இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால், கடைசியாக இணைத்த வங்கிக்கே பணம் போகும். பள்ளி உதவித்தொகைக்காகத் திறந்து, பிறகு தொடாமல் விட்ட கணக்கு முடங்கியிருக்கலாம். நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள், பாஸ்புக்கில் அது பதிவானால் கணக்கு உயிரோடு இருக்கிறது.